மூர்க்கன் செத்த அத்தியாயம்

“மூர்க்கன் இடது கையிலிருந்த வாளை மணலில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, கடைசியாக ஒருமுறை மலையைப் பார்த்தான். எங்கோ ஆட்டுக்குட்டியின் மணி ஒலிப்பது போலிருந்தது. ‘கதவைத் திற, தங்கச்சி’ என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.”

அண்ணி புத்தகத்தை மூடிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்துட்டானா?”

“அப்படித்தான் போட்டிருக்கு அண்ணி,” என்றேன். துப்பறியும் நிறுவனத்தின் உதவியாளர் கட்சிக்காரர் முன்னால் மூக்கை உறிஞ்சுவது தொழிலுக்கு அழகில்லை. ஆனால் செத்தவன் மூர்க்கன் ஆயிற்றே.

மூர்க்கனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மலைக்காட்டிலிருந்து இறங்கி வந்தவன். சட்டை போட மாட்டான். மந்திரவாதிகளைக் கண்டால் ஆகாது, ராஜாக்களைக் கண்டால் அதைவிட ஆகாது. பாக்கெட் நாவல் விலைக்கு நூற்றிருபது பக்கமும் ஒரு பூதமும் கொடுப்பான். அவனை உண்டாக்கிய எழுத்தாளரை எல்லோரும் மூத்தவர் என்பார்கள். அவர் காலமான பிறகு அவனை விடாமல் எழுதி வருகிறவர் இளையவர். ஐம்பதைத் தாண்டி, தலை முக்கால்வாசி காலியான பின்னும் இளையவர்தான்.

அந்த இளையவர் பதிப்பாளரின் அறையில் ஒரு முக்காலியில், தப்பு செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலியில் மூத்தவரின் மனைவி; அங்கே எல்லோருக்கும் அவர் அம்மா. மடியில் கைப்பை, கைப்பைமேல் அதே புத்தகம். மேஜைக்குப் பின்னால் முதலாளி, வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒரு கைக்குட்டையைக் கந்தலாக்கிக்கொண்டிருந்தார்.

“எழுதினது இவர்தான். நீங்க நிரூபிச்சுக் கொடுங்க, போதும்,” என்றார் முதலாளி.

“முடிவை நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு?” என்று கேட்ட அண்ணி, அம்மாவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“பைண்டிங் ஆன முதல் பிரதி எப்பவும் என் வீட்டுக்கு வரும். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பேன்,” என்றார் அம்மா. “அவர் போறப்ப கேட்டது ஒண்ணே ஒண்ணு. மூர்க்கனை யார் வேணாலும் எழுதலாம், கொல்லக் கூடாது. கொன்னா அவன் உரிமையோட எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துடணும். இவர் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“நான் போட்டேம்மா. நான் கொல்லலையே!” என்று பதறினார் முதலாளி.

“அப்ப யாரு கொன்னது? வண்டி கிளம்பறதுக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலைன்னா இந்தப் புத்தகமும் வெளிய போகாது, இனிமே எந்தப் புத்தகமும் வராது.”

விஷயம் எனக்குப் புரிந்தது. இளையவர் தலையில் பழியைப் போட்டு அவரை வெளியே அனுப்பிவிட்டால், முதலாளி வேறொரு ஆளை வைத்து மூர்க்கனைப் பிழைக்க வைத்துக்கொள்வார். கீழே புத்தகக் கட்டுகள் தயார். விநியோக வண்டிகள் மாலையில் கிளம்பும். அதற்குள் இளையவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது அண்ணி கையில் இருந்தது.

என் அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்துப் பிடித்து, அங்கிருந்தவர்களே பயந்துபோய் முன்கூட்டி ஓய்வு கொடுத்து அனுப்பிய பெண்மணி. நான் அவருக்குக் கார் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், திட்டு வாங்குகிறேன். மூன்றாவதில் மட்டும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.

அண்ணி முக்காலிக்காரரிடம் போனார். “நீங்க எழுதினீங்களா?”

“இல்லைங்க.”

“நீங்க எப்பவும் கையால எழுதறவர். இந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் கம்ப்யூட்டர்ல அடிச்ச தாள்ல வந்திருக்கு. யார் கொண்டு வந்தது?”

“நானே கொண்டு வந்து டைப்பிங் அம்மா மேஜையில வச்சேன். கையால எழுதினதைத்தான் வச்சேன்.”

“அப்ப மேஜையில இருந்ததை யாரோ மாத்தியிருக்காங்க.”

“இருக்கும்.”

“யார்னு தோணுது?”

இளையவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “தெரியலைங்க,” என்றார். சொந்தச் சோற்றில் மண் விழப்போகிற மனிதர் இவ்வளவு சிக்கனமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

டைப்பிங் அம்மாவை அடுத்த அறையில் பிடித்தோம். உறையில் இருந்தது, அடித்தாராம். படிக்கவில்லையாம். “படிச்சுக்கிட்டே அடிச்சா கை நின்னுடும் மேடம். ஒரு தடவை பேய்க் கதை அடிக்கறப்ப படிச்சுத் தொலைச்சேன், அன்னைக்குப் பூரா ஒரு பக்கம்தான் ஓடுச்சு.” மற்ற அத்தியாயங்களின் பிழையை இளையவர் பார்ப்பார். கடைசி அத்தியாயம் எப்போதும் தாமதம் என்பதால் பிழை பார்க்காமலே அச்சுக்குப் போய்விடும். அது அந்த அலுவலகத்தின் பழக்கம். மாற்றியவருக்கு அந்தப் பழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

படியிறங்கும்போது நான் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். துக்கத்தில் இரண்டாம் தரம் படிக்கும்போதுதான் மூளை வேலை செய்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

“அண்ணி! இடது கை!”

“எங்க சுளுக்கிக்கிச்சா?”

“எனக்கில்லை, மூர்க்கனுக்கு! அவன் இடது கையால வாளைப் பிடிக்கவே முடியாது. முதல் புத்தகத்துல, உப்புக் கோட்டையில, மந்திரவாதியோட பாம்பு அவன் இடது கையில ரெண்டு விரலைக் கடிச்சுத் துப்பிடும். அதுலேர்ந்து எப்பவும் வலது கைதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அண்ணி இது!”

அண்ணி என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பினார். அட்டையில் மூர்க்கன் பாறைமேல் நின்றுகொண்டிருந்தான். மார்பு கதவு அகலம், கண்ணில் கோபம். வாள் இடது கையில்.

“இது?”

“அட்டையில எப்பவும் அப்படித்தான். ரசிகர்கள் எழுதி எழுதி அலுத்துட்டாங்க. முதலாளி, படம் நல்லா இருக்குல்ல, விடுங்கன்னுட்டார்.”

அண்ணிக்கு மூக்கு வியர்த்தது. வழக்கு பிடிபடும்போது அவருக்கு அப்படித்தான் ஆகும். “அப்ப எழுதினவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அட்டையை மட்டும் பார்த்தவர். இந்தக் கட்டடத்துல அட்டையை மட்டும் பார்க்கறது யாரு?”

கேள்வியே பதிலாக இருந்தது. முதலாளியின் மாப்பிள்ளை. விற்பனைப் பிரிவு. நாவலையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுப் பள்ளிக்கூட வழிகாட்டிகள் போட வேண்டும் என்று வந்த நாள் முதல் மாமனாரை அரித்துக்கொண்டிருப்பவர் என்று டைப்பிங் அம்மா நாங்கள் கேட்காமலே சொல்லியிருந்தார். மூர்க்கன் செத்தால் யாருக்குக் கொண்டாட்டம்? எனக்கு அப்போதே அவர் கையில் விலங்கு தெரிந்தது.

மாப்பிள்ளை கீழ்த்தளத்தில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே, கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பசை வாசனையும் கட்டுகிற நாடாவின் சரசரப்பும் அந்த அறைக்குள் நுழையாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

“கதைப் புத்தகமெல்லாம் நான் படிக்கறதில்லைங்க,” என்று அவராகவே ஒப்புக்கொண்டார். “மூணாவது பக்கத்துல தூக்கம் வந்துடும்.”

நான் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

“மூர்க்கனோட தங்கச்சியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“அவனுக்குத் தங்கச்சி வேற இருக்காளா?” மாப்பிள்ளை நிஜமாகவே வியந்தார். “கல்யாணம் ஆயிடுச்சா?”

என் கண்ணடிப்பு பாதியில் நின்றது. மூர்க்கனின் தங்கை முதல் புத்தகத்தில் ஒரே ஒரு பாராவில் வருவாள். ஆட்டுக்குட்டியின் கழுத்து மணியைக் கழற்றிக் கதவில் கட்டி வைப்பாள், அண்ணன் திரும்பி வந்தால் முதலில் கேட்கட்டும் என்று. அவன் திரும்பவே இல்லை. அந்த மணியை அதற்குப் பிறகு மூத்தவரே மறந்துவிட்டார். கொலைகார அத்தியாயம் மறக்கவில்லை. மாப்பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினாலும் அந்த மணி கீழே விழாது.

“மூர்க்கன் ஒழிஞ்சா உங்களுக்குச் சந்தோஷம்தானே?” என்று கேட்டார் அண்ணி.

“முன்னாடி அப்படித்தாங்க இருந்தேன். இப்ப நான் கட்சி மாறிட்டேன். இங்க பாருங்க.” கம்ப்யூட்டரைத் திருப்பினார். “அடுத்த புத்தகத்தோட அட்டை. ஓவியரே வேணாம். நாலு வார்த்தை டைப் பண்ணினேன், கம்ப்யூட்டரே அரை நிமிஷத்துல வரைஞ்சு கொடுத்துடுச்சு.”

திரையில் ஒரு சினிமா மாப்பிள்ளை நின்றிருந்தான். பல் வெளேரென்றும் தோல் வழவழவென்றும் இருந்தன. நேற்றுதான் முடிவெட்டிக்கொண்ட மாதிரி ஒரு மூர்க்கன். வாள் பிடித்த கையை எண்ணிப் பார்த்தேன், விரல் ஆறு. மூத்தவர் கஷ்டப்பட்டு இரண்டைப் பிடுங்கினார், இது தாராள மனசோடு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தது.

“பழைய ஓவியர்?” என்றார் அண்ணி.

“போன வாரமே போன்ல சொல்லியாச்சு. இனிமே கம்ப்யூட்டரே போட்டுடும், வர வேணாம்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“பட்டுனு போனை வச்சுட்டாருங்க.”

காருக்கு வந்ததும் நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். “குழப்பமா இருக்கு அண்ணி. மணி தெரிஞ்சவன்னா எல்லாப் புத்தகத்தையும் கரைச்சுக் குடிச்சவன். இடது கைன்னு எழுதினவன்னா உள்ள எட்டியே பார்க்காதவன். ரெண்டு பேர் சேர்ந்து எழுதியிருப்பாங்களோ?”

“ஒருத்தர்தான். எல்லாத்தையும் படிச்சவர். ஆனா படிச்சது மனசுல நிக்கறதைவிட, பார்த்தது நல்லா நிக்குது. வண்டியை எடு.”

“எங்க?”

“வெளுத்த பல்லு இல்லாத மூர்க்கனைப் பார்க்க.”

ஓவியரின் வீடு நாலு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனவன் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டேன். எதிரே மூர்க்கன் நின்றிருந்தான்.

தலை நரைத்து, கன்னம் ஒட்டி, பனியனோடு இருந்தான். ஆனால் அதே மூக்கு, அதே புருவம், கண்ணில் அதே கோபம். ஆள் உயரக் கண்ணாடி ஒன்றின் முன்னால், வலது கையில் மரவாளைத் தூக்கிப் பிடித்து, இடது கையில் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தார் ஓவியர். கண்ணாடியைப் பார்ப்பதும் பக்கத்திலிருந்த பலகையில் வரைவதுமாக இருந்தார். யாரும் கேட்காத ஓர் அட்டையை வரைந்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக்குள் இருந்தவனைப் பார்த்தேன். பலகையில் இருந்தவனைப் பார்த்தேன். இரண்டிலும் வாள் இடது கையில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மனசு வரவில்லை.

அண்ணி நலம் விசாரிக்கவில்லை. “மூர்க்கன் எந்தக் கைக்காரன் ஐயா?” என்றார்.

“இடது,” என்றார் அவர், யோசிக்காமல்.

“ஐயா, உப்புக் கோட்டையில பாம்பு...” என்று ஆரம்பித்தேன்.

ஓவியர் மரவாளைக் கீழே இறக்கினார். “எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. படிக்கும்போது நானும் சரியாத்தான் படிப்பேன். வரையறப்ப கண்ணாடியில தெரியறதுதான் கைக்கு வரும். மூத்தவர்கூடத் திட்டுவார். ரெண்டு நாள் சரியா வரைவேன், அப்புறம் பழையபடி ஆயிடும்.”

“எழுதும்போதும் அப்படித்தான் ஆயிடுச்சு போலிருக்கு,” என்றார் அண்ணி மெதுவாக.

ஓவியர் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டார். ஸ்டூலை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

“முதல் படம் போட்டப்ப எனக்கு மீசைகூடச் சரியா வரலைம்மா. மாடலுக்கு ஆள் வைக்க வசதியில்லை, கண்ணாடி முன்னாடி நானே நின்னேன். மூத்தவர் போனப்ப எழுத்தை இன்னொருத்தர்கிட்ட கொடுத்தாங்க. சரின்னு இருந்தேன், நல்ல மனுஷன்கிட்டதான் கொடுத்தாங்க. இப்ப முகத்தையும் எடுத்து ஒரு மிஷின்கிட்ட கொடுப்பாங்களாம். அது என் முகம்மா. நானே முடிச்சு வைக்கறேன்னு தோணிச்சு. கோபம்தான், வேற ஒண்ணுமில்லை. பக்கத்துல டைப் அடிக்கற கடையில நான் சொல்லச் சொல்ல அடிச்சுக் கொடுத்தாங்க.”

“இளையவர் எழுதினது?”

மேஜை டிராயரைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். “பத்திரமா இருக்கு. அதைக் கிழிக்க எனக்கு மனசு வரலை.”

“இது உங்க கைக்கு எப்படி வந்தது?”

“அவரே கொண்டுவந்து கொடுத்தார். எப்பவும் அப்படித்தாம்மா. கடைசி அத்தியாயத்தை முதல்ல நான் படிக்கணும் அவருக்கு. நான் தலையாட்டினாத்தான் திருப்தி. அப்புறம் அட்டையோட சேர்த்து நானே எடுத்துட்டுப் போய் டைப்பிங் மேஜையில வச்சுடுவேன்.”

அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஆனா அவர் தானே மேஜையில வச்சதாச் சொன்னாரே?” என்றேன்.

ஓவியருக்கு முகம் சுருங்கியது. “இல்லையே. ஏன் அப்படிச் சொன்னார்?”

அண்ணி என் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்த இடது கையைக் கண்டுபிடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“மாடிப்படி இறங்கறதுக்குள்ள.”

“நீ சும்மா படிக்கறவன். தினமும் அவனை எழுதறவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். இது என் எழுத்தில்லை, பாருங்கள் இடது கை என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே அவர் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. ஏனென்றால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். மூர்க்கனை இடது கையோடு பார்க்கிற ஒரே மனிதர் யார் என்ற கேள்வி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ‘தெரியலைங்க’ என்றது அதற்காகத்தான்.

“அவரை இன்னைக்கு வெளிய அனுப்பறாங்க ஐயா,” என்றார் அண்ணி. “அவர் எழுதினதாச் சொல்லி. அவர் வாயைத் திறக்கலை.”

“அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேனே,” என்றார் ஓவியர். “புத்தகம் நிக்கும், முதலாளிக்கு நஷ்டம், அவ்வளவுதான்னு... அவர் நல்லா எழுதறவர், வேற எங்கயாவது...” வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பனியனுக்கு மேல் சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டதைக்கூடப் பார்க்காமல், உறையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.

நாங்கள் திரும்பியபோது வண்டிகள் வாசலில் வந்து நின்றிருந்தன. முதலாளி ஒரு தாளில் ஏதோ எழுதி இளையவர் முன் நீட்டிக்கொண்டிருந்தார். இளையவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

“நான்தான் எழுதினேன்,” என்றார் ஓவியர், கதவைத் தாண்டாமலே.

முதலாளி வாயைப் பிளந்தார். இளையவர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் தப்பித்த சந்தோஷம் துளியும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

“நீங்க எதுக்கு வந்தீங்க? நான் பார்த்துக்கறேன்னுதானே இருந்தேன்!”

“எதைப் பார்த்துப்பே? வேலையைத் தொலைச்சுட்டு வீட்டுச் சுவரைப் பார்த்துப்பியா? ஏம்ப்பா, தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

இளையவர் பேனா மூடியை மாட்டினார்.

“நான் முதல் புத்தகம் எழுதினப்ப வந்த கடுதாசியெல்லாம் வசவு. மூர்க்கனைத் தொட நீ யாருடான்னு. வெளிய தலைகாட்ட முடியலை. இனிமே எழுத மாட்டேன்னு சொல்லத்தான் கிளம்பிக்கிட்டிருந்தேன். நீங்க அடுத்த அட்டையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தீங்க. ‘உன்னைப் படிச்சுட்டுத்தான் போட்டேன், அவன் எழுந்து வந்து நின்னான்’னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் இத்தனை புத்தகம் எழுதினேன். உங்களைக் காட்டிக் கொடுத்துட்டு நாளைக்கு அவனை நான் எப்படி எழுதுவேன்?”

ஓவியர் சட்டை நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கைக்குட்டை தேடினேன், முதலாளியின் கந்தல்தான் கிடைத்தது.

முதலாளி சுதாரித்துக்கொண்டு மேஜையைத் தட்டினார். “பார்த்தீங்களாம்மா? ஆள் அகப்பட்டாச்சு! இவரைத்தான் ஏற்கெனவே நிறுத்தியாச்சே. கடைசிப் பக்கங்களை மாத்தி அடிச்சு நாளைக்கு அனுப்பிடறேன். மூர்க்கன் பிழைச்சான். நம்ம ஒப்பந்தத்துக்கு ஒரு குறையும் இல்லை.”

“இவரை ஏன் நிறுத்தினீங்க?” என்றார் அம்மா.

அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைக்க, மாப்பிள்ளையிடம் வாங்கி வந்திருந்த புது அட்டையின் அச்சுப் பிரதியை நான் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரு இது?”

“மூர்க்கன்மா. புதுசா...”

“இவனை எனக்குத் தெரியாது.” அம்மா தாளை மேஜைமேல் வைத்தார். “என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டா அவருக்குத் தெரிஞ்சது இந்த மனுஷனோட முகம்தான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினார். ஓவியர் கோபத்துல மூர்க்கனைக் கொன்னார், பத்து பக்கம் மாத்தினா அவன் எழுந்துடுவான். நீங்க இதை அட்டையில போட்டா எழுந்திருப்பானா?”

முதலாளி நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்தார்.

“கொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. முகத்தை எடுக்கறதும் கொலைதான். இவர் வரைவார், அவர் எழுதுவார். இல்லைன்னா நான் மூர்க்கனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்.”

முதலாளி வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தார், அம்மாவின் கைப்பையைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் ஆறு விரல் மூர்க்கனை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

நாங்கள் கிளம்பும்போது இளையவர் டைப்பிங் அம்மாவிடமிருந்து அந்தக் கம்ப்யூட்டர் தாள்களை வாங்கி, உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“என்னால இப்படி எழுத முடியாது,” என்றார். “இது இருக்கட்டும். எனக்கப்புறம் மூணாவதா ஒருத்தர் வேணாம்மா. நான் போனதும் இதைப் போட்டு முடிச்சுடுங்க.”

அம்மா யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

“உளறாதே,” என்றார் ஓவியர். “உனக்கு முன்னாடி நான் போயிடுவேன். அப்ப அட்டைக்கு யாரு படம் போடுவா?”

“யாரும் போட வேணாம். வெறும் கறுப்பா விட்டுடலாம்.”

ஓவியர் இளையவரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அண்ணி என்னைத் தோளில் தட்டி, காரை எடுக்கச் சொன்னார்.